கடாரத்துத் தொதல், காத்தான்குடிக் கிடாரம்

மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில், பேரீச்ச மரங்கள் நிற்கும் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டில், மலாய் முறைப்படி கிண்டிய தொதலை (அரிசி மா, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து இறுகக் கிண்டும் இனிப்பை) விற்கிறார்கள். ஒரு கிலோகிராம் 2,400 ரூபாய். நகரக் கடைகளில் தொதல் என்ற பெயரில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய இரு மடங்கு விலை, ஆகவே, விலையைக் கேட்டவுடன் "தொதலுக்கா இந்தக் காசு?" என்று முகம் சுளிப்பவர்கள்மீது எனக்குக் குறையில்லை. முதல் முறை நானும் அப்படித்தான் கேட்டேன். அதன் பின்னர் மூன்று தடவை வாங்கியும், ஒரு தடவை அவர்களுடைய அடுப்படியில் விடியற்காலை தொடக்கம் நண்பகல் வரை இருந்து பார்த்தும் விட்டபடியால், அந்தக் காசு எங்கே போகிறது என்பதையும், எதை வாங்கலாம், எதை வாங்கத் தேவையில்லை என்பதையும் நிதானமாகச் சொல்ல முடியுமென்று நினைக்கிறேன்.

தொதல் எங்களுக்குப் புதிதன்று. கல்லடியில் நான் வளர்ந்த வீட்டுக்கு, அப்பாவின் காத்தான்குடி நண்பர் ஒருவரிடமிருந்து பெருநாள் தோறும் மஸ்கட் என்ற இனிப்பும் தொதலும் வைத்த தட்டு ஒன்று வந்துவிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் முறுக்கும் அரியதரமும் அதே தட்டில் திரும்பிப் போகும். அந்தத் தொதல் கறுப்பாக, எண்ணெய் மினுங்க, ஏலமும் கஜுவும் பல்லில் அகப்பட இருக்கும். முதல் நாள் மெத்தென்று இருப்பது நாலாம் நாள் கத்தி வைத்தவுடன் உதிரும். தொதல் என்றால் உதிரத்தான் செய்யும் என்று நாற்பது வருடங்களுக்கு மேலாக நம்பியிருந்தேன். இந்த வீட்டுத் தொதலை விரலால் பிட்டபோது அது பிட வரவில்லை. இழுத்தால் ஒரு விரற்கடை நீண்டது. விட்டால் மெல்ல ஒடுங்கியது. வாய்க்குள் போட்ட பின்னரும் உடனே கரைந்துவிடாமல், மென்றவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் விட்டுக்கொடுத்தது.

அந்த வேறுபாட்டின் காரணம் அரிசி. நம் தொதலின் மூலமான டோடோல் என்பது யாவா, சுமாத்திரா, மலாய்க் குடாநாடு ஆகிய பகுதிகளின் பண்டம். பசையரிசி மா, தேங்காய்ப்பால், மரச்சாற்றில் காய்ச்சிய கருப்பட்டி ஆகிய மூன்றுமே அங்கே அதன் அடிப்படை. மேற்கு யாவாவின் காருட் நகரம் அதற்கே பேர்போனது. மலேசியாவில் நோன்புப் பெருநாளை ஒட்டி ஊர்கூடிப் பெரிய பாத்திரங்களில் கிண்டுவார்கள். பிலிப்பைன்ஸின் பொஹோல் தீவிலோ, இதற்கு உறவான கலமாய் என்ற பண்டத்தைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் அடைத்து, இரண்டு பாதிகளையும் பொருத்தி, சுற்றிச் சிவப்புத் தாள் ஒட்டி விற்கிறார்கள். இலங்கையில் தொதலைப் பற்றிப் பேசும்போது, ஒல்லாந்தர் காலத்தில் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் வந்து சேர்ந்த மலாயரையும், அவர்கள் குடியிருந்த அம்பாந்தோட்டையையும் சேர்த்தே பேசுவது வழக்கம். தமிழகத்தின் கீழக்கரையிலும் தொதல் உண்டு. கோவாவில் அது கிறிஸ்துமஸ் பலகாரம். பெயர் கடல் கடந்து போன இந்தக் கரைகளிலெல்லாம் தென்னையும் ஏதோ ஒரு கருப்பட்டியும் காத்திருந்தன. பசையரிசி மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் நாங்கள் எங்கள் வழக்கமான அரிசி மாவை வைத்துக்கொண்டோம். சுவை கெட்டுவிடவில்லை, ஆனால் பண்டம் வேறாகிவிட்டது.

தொதல் கிண்டும் இந்த வீட்டு ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்) தமது பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு மலாய்க் குடும்பத்தில் 11 வருடங்கள் வேலை செய்தவர். கெடாவைத்தான் பழைய தமிழ்ச் சாசனங்கள் கடாரம் என்கின்றன. 1025 இல் முதலாம் இராசேந்திரன் கடற்படை அனுப்பி, "கடாரம் கொண்டான்" என்று பெயர் சூட்டிக்கொண்டது அந்த நாட்டை முன்னிட்டுத்தான். மட்டக்களப்பில் கலியாண வீட்டுச் சோறு வேகும் பெரிய பாத்திரத்தைக் கிடாரம் என்போம். கடாரத்தில் கற்றதைக் கிடாரத்தில் கிண்டுகிறீர்கள் என்று நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "தாச்சி காணாது டீச்சர், அதான் கிடாரம்" என்றார். மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். என்னுடைய சொல்விளையாட்டுக்கு வகுப்பிலும் இதே வரவேற்புத்தான் கிடைத்தது.

நான் பார்த்த நாளின் கணக்கு இது: பசையரிசி மா 2 கிலோகிராம், சாதாரண அரிசி மா 200 கிராம், தென்னங்கருப்பட்டி 2 கிலோகிராம், சீனி 2 கிலோகிராம், தேங்காய் 20, ஒரு தேக்கரண்டி உப்பு, முடிச்சிட்ட ரம்பை இலை ஒரு பிடி. அந்த 200 கிராம் சாதாரண அரிசி மா எதற்கென்று கேட்டேன். பசையரிசியை மட்டும் போட்டால், வெட்டிய துண்டு தட்டிலேயே படுத்துவிடுமாம். அது நிமிர்ந்து நிற்பதற்காகத்தான் இது. ரம்பையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாழையின் இனத்தைச் சேர்ந்த இந்த இலையை நாம் இறைச்சிக் கறிக்கும் நெய்ச்சோற்றுக்கும் தாளிக்கிறோம். மலாய் வீடுகளில் அதே இலை பெரும்பாலும் இனிப்புப் பண்டங்களுக்குத்தான் போகிறது. வேலியோரத்தில் சும்மா நிற்கும் இலை பாலில் கொதிக்கும்போது, புதிதாக வெந்த சோற்றின் வாசத்தைத் தருமென்பதை நான் இந்த அடுப்படியில்தான் தெரிந்துகொண்டேன்.

சுபஹ் தொழுகை முடிந்த கையோடு தேங்காய் துருவத் தொடங்கினார்கள். டின் பாலோ பால்மாவோ சேர்ப்பதில்லை. முதற்பாலையும் இரண்டாம் பாலையும் தனித்தனியே எடுத்து வைத்தார்கள். முதற்பாலில் பெரும்பகுதியை ரம்பையோடு கிடாரத்தில் ஊற்றி, எண்ணெய் கண்ணுக்குத் தெரியும் வரை கொதிக்கவிட்டார்கள். அதற்குள் இரண்டாம் பாலில் மாவைக் கரைத்துத் துணியில் வடித்தார்கள். கருப்பட்டியைத் தனியாக உருக்கி, அதையும் வடித்தார்கள். கருப்பட்டியை வடிப்பதை வீண்வேலை என்று நினைப்பவர்கள், அந்தத் துணியில் தங்கிய மணலையும் குளவிக் கால்களையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். காலை 6.20 அளவில் மாக்கரைசல் கிடாரத்துக்குள் இறங்கியது. அதிலிருந்து 12.15 வரை துடுப்பு நிற்கவில்லை.

இந்த ஆறு மணி நேரத்தைத்தான் நாம் விலைக்கு வாங்குகிறோம் என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் ஒரு மணி நேரம் அது வெறும் கஞ்சி. ஒருவரே கிண்டலாம், கதையும் சொல்லலாம். மா வெந்து நீரைக் குடிக்கத் தொடங்கியவுடன் கஞ்சி களியாகிறது, களி கனக்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் ராத்தாவின் மகனும் தம்பியாரும் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு துடுப்பாக, ஒருவர் விளிம்பிலிருந்து உள்ளே தள்ள மற்றவர் அடியைச் சுரண்டி மேலே கொண்டுவர, படகு வலிப்பது போல் ஒரே கதியில் கிண்டினார்கள். அதுவரை எரிந்த கட்டை விறகை ராத்தா அடுப்பிலிருந்து இழுத்துவிட்டு, பொச்சு மட்டைகளை அடுக்கினார். பொச்சு தணலாக நின்று எரியும். சிரட்டையின் வேகம் அதற்கு இல்லை, அந்த வேகம் இங்கே வேண்டியதும் இல்லை. நடுவில் ஒரு முறை மகனின் தொலைபேசி அழைத்தது. கையை எடுக்கப் போனவரை ராத்தா ஒரே பார்வையில் நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, "துடுப்பு நிண்டா அடிபுடிச்சிரும் டீச்சர். மறுகா ஒண்ணும் செய்ய ஏலா" என்றார்.

நிறம் மாறுவதைப் பார்ப்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. காலையில் தேநீர் நிறத்தில் இருந்தது, ஒன்பது மணிக்குக் காய்ந்த தென்னோலையின் நிறத்துக்கு வந்தது. பதினொரு மணிக்குப் பிறகு ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒரு படி கறுத்தது. சர்க்கரைச் சத்தும் தேங்காய்ப்பாலின் புரதமும் நெடுநேரச் சூட்டில் ஒன்றையொன்று தாக்குவதால் வரும் கறுப்பு இது. கடைத் தொதலில் சில வேளை காணும் மைக் கறுப்பு, சீனியைத் தனியே கருக்கி ஊற்றுவதால் வருவது. நாக்கில் பின்னால் நிற்கும் கசப்பு அதைக் காட்டிக்கொடுக்கும். இந்த வீட்டுத் தொதலின் நிறம் முற்றிய பேரீச்சம்பழத்தின் நிறத்தைத் தாண்டுவதில்லை. கறுப்பாக இல்லையே என்று தயங்க வேண்டாம்.

எண்ணெய் கக்குவது கடைசிக் கட்டம். தேங்காய்ப்பாலிலுள்ள நீர் வற்றி முடியும்போது, அதுவரை பாலோடு கலந்திருந்த எண்ணெய் பிரிந்து, கிண்டும் பொருளின் ஓரமெல்லாம் குமிழியிட்டு வெளியே வருகிறது. அதன் பிறகு தொதல் கிடாரத்திலும் ஒட்டாது, துடுப்பிலும் ஒட்டாது. ஒரே உருண்டையாகச் சேர்ந்து, புரட்டும் பக்கமெல்லாம் புரளும். மிகையான எண்ணெயை அகப்பையால் அள்ளி எடுத்தார்கள். அன்று ஏறக்குறைய ஒரு போத்தல் கிடைத்தது. அதை அள்ளாமல் விடுவது நிறையைக் கூட்டும் சுலபமான வழி என்பதை விற்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். காகிதத்தை நனைக்கும் தொதலை நீங்களும் வாங்கியிருப்பீர்கள். பதம் பார்க்க ராத்தா வாழையிலைத் துண்டொன்றைத் தொதலின்மேல் அழுத்தி உரித்தார். முதல் முறை மெல்லிய படலம் ஒட்டி வந்தது. பத்து நிமிடம் கழித்து அழுத்தியபோது இலை சுத்தமாக வந்தது. உடனே, தணலில் வாட்டிய வாழையிலை விரித்த தட்டுகளில் கொட்டிச் சமப்படுத்தினார்கள். அன்றைக்குக் கிடைத்தது 9 கிலோகிராமுக்குச் சற்று மேல்.

இனி அரிசிக்கு வருகிறேன், ஏனெனில் இந்தப் பண்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அரிசியின் மாப்பொருளில் அமைலோசு, அமைலோபெக்டின் என்று இரண்டு வகை உண்டு. நாம் இங்கே சாப்பிடும் அரிசிகளின் மாப்பொருளில் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அமைலோசு. அதனால்தான் சோறு பொலபொலவென்று உதிர்கிறது, ஆறினால் விறைக்கிறது. பசையரிசியில் அமைலோசு அநேகமாக இல்லை. முழுவதும் கிளைவிட்ட அமைலோபெக்டின். வெந்தால் இழுபடும், ஆறிய பின்னரும் நெடுநாள் மென்மை போகாது. பசை என்ற பெயரைக் கேட்டு, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை, கோதுமையிலுள்ள குளுட்டன் இதில் கிடையாது. லாவோஸிலும் தாய்லாந்தின் வடகிழக்கிலும் இதுதான் அன்றாடச் சோறு. மலாய் மொழியில் புலுட், இந்தோனேசியாவில் கெத்தான். தமிழருக்கும் இது முற்றிலும் அந்நியமன்று. செட்டிநாட்டு விருந்துகளில் வரும் கவுனி அரிசி, பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கறுப்புப் பசையரிசிதான்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியின் மேற்கே, சேனநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளத்தின் நீர் பாயும் வயல்கள் கண்ணெட்டும் தூரம் வரை கிடக்கின்றன. அவ்வளவு நெல் விளையும் கரையோரத்தில் ஒரு தொதலுக்கு வேண்டிய இரண்டு கிலோ மா தாய்லாந்திலிருந்து வருகிறது என்பதை முதலில் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ராத்தா உள்ளூர் அரிசியில் முயன்று பார்க்காமல் இல்லை. சிவப்பரிசி, சம்பா, சவ்வரிசி கலந்தது என்று எல்லாவற்றையும் கிண்டிப் பார்த்துவிட்டே பொதி மாவுக்கு வந்திருக்கிறார். கொழும்பிலிருந்து முழு அரிசியாகக் கிடைக்கும்போது இரவு ஊறவைத்து வீட்டிலேயே அரைக்கிறார், ஆலைக்குக் கொடுப்பதில்லை. எனக்கு முன்னால் அரைத்தவர் மிளகாய் அரைத்திருந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பொதி மாவைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. அடுப்படியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்ற துணிச்சலில், வீட்டில் சிறிய அளவில் கிண்டிப் பார்க்க, மூன்று தலை யானைப் படம் போட்ட தாய்லாந்து மாப் பொதியொன்றை வாங்கினேன். மூன்று மணி நேரம் கிண்டிய பிறகும் அது இழுபடவேயில்லை. கிடைத்தது இனிப்பான களி. மறுநாள் பொதியின் படத்தை ராத்தாவுக்கு அனுப்பினேன். அந்த நிறுவனத்தின் சிவப்பு எழுத்துப் பொதி சாதாரண அரிசி மா, பச்சை எழுத்துப் பொதிதான் பசையரிசி மா என்று பதில் வந்தது. படமும் பொதியின் அமைப்பும் ஒரே மாதிரி. எழுத்தின் நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும். முப்பது வருடங்கள் பொதிச் சுட்டிகளை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவள் செய்த பிழை இது.

வகைகளுக்கு வருவோம். முழுப் பசையரிசித் தொதல் கிலோ 2,400 ரூபாய். பசையரிசியும் சிவப்பரிசியும் பாதிக்குப் பாதி கலந்தது 1,800 ரூபாய். பச்சை நிற ரம்பைத் தொதல், துரியான் தொதல் ஆகிய இரண்டும் 2,600 ரூபாய். இவற்றுள் முதலாவது, கிண்டிய அன்றே சாப்பிடுவதற்கல்ல. அன்றைக்கு எண்ணெய் வாசமும் சூட்டு வாசமும்தான் முன்னால் நிற்கும். இரண்டாம் நாள் கருப்பட்டி மேலே வருகிறது; மூன்றாம் நாள் உப்பு, புகை, கருப்பட்டி, தேங்காய் எல்லாம் தத்தம் இடத்தில் அமர்கின்றன. ஒரு வாரம் கழித்தும் கத்திக்கு உதிராமல் வளைந்து கொடுத்தது. இனிப்பு நாம் பழகிய அளவை விடக் குறைவு. ஏலமும் கஜுவும் இல்லை. முதல் நாள் அவற்றைத் தேடினேன், இப்போது தேடுவதில்லை.

பாதிக்குப் பாதி வகையை ராத்தா சற்றுத் தாழ்த்தியே பேசுகிறார், விலைக்காகச் செய்வது என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. சிவப்பரிசியின் வறுத்த வாசம் அதில் தெளிவாக இருக்கிறது. பசையரிசியின் இழுவையும் முற்றாகப் போய்விடவில்லை. சிறுவயதுப் பெருநாள் தட்டை நினைவூட்டும் அந்த மெல்லிய மணல் தன்மை நாக்கில் படுகிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதையே சிபாரிசு செய்வேன். முழுப் பசையரிசித் தொதலின் முதற் துண்டிலேயே என் தாயாரின் கட்டுப்பல் கழன்று வந்துவிட்டது. அவருக்குக் கோபம் தொதல்மீது அல்ல, பல் வைத்தியர்மீது.

பச்சைத் தொதலையும் துரியான் தொதலையும் வாங்க வேண்டாம். ரம்பைச் சாறு தரும் பச்சை, ஆறு மணி நேரம் அடுப்பில் நின்றால் இலைச்சருகின் நிறத்துக்கு இறங்கிவிடும். கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருக்கிறதென்றால் அங்கே நிறமூட்டி இருக்கிறது, ராத்தாவும் அதை மறைக்கவில்லை. துரியான் தொதலுக்கு மலேசியாவிலும் சுமாத்திராவிலும் பழத்தின் சதையைக் கிலோக் கணக்கில் போட்டுக் கிண்டுவார்கள். நம் நாட்டில் துரியான் விளைவது ஈரவலயத்தில். பருவத்தில்கூட அது மட்டக்களப்புக்கு ஒழுங்காக வந்து சேர்வதில்லை. சிறு போத்தலில் வரும் வாசனைத் திரவத்தை ஊற்றிச் செய்ததைத் துரியான் என்று கூடுதல் விலைக்கு விற்பது, ஆறு மணி நேரம் நேர்மையாகக் கிண்டும் அடுப்புக்குப் பொருந்தவில்லை. இதை அவரிடமே சொன்னேன். இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றார்.

முன்கூட்டிச் சொன்னால் வாஜிக்கும் செய்து தருகிறார்கள். இது மா இல்லாமல், முழுப் பசையரிசியை அவித்து, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டி, சாய்சதுரத் துண்டுகளாக வெட்டுவது. இந்தோனேசிய மொழியில் வாஜிக் என்ற சொல்லுக்கே சாய்சதுரம் என்றொரு பொருள் உண்டு. நம் சர்க்கரைப் பொங்கலை இறுகக் கிண்டி வெட்டி வைத்தாற்போல் இருக்கும். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்காக ஒழுங்கை தேடி வர வேண்டியதில்லை.

வாங்கும் முறை எளிது. வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்ப வேண்டும்; எழுதி அனுப்பினால் பதில் வரத் தாமதமாகும். நான்கு நாட்களுக்கு முன் சொல்ல வேண்டும், குறைந்தது அரைக் கிலோ எடுக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை. வெள்ளிக்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை. ரமழான் மாதத்தில் உப்பும் இனிப்பும் ருசி பார்க்க வேண்டியிருப்பதால், நோன்பு திறந்து தராவீஹ் தொழுகையும் முடிந்த பின்னரே கிண்டத் தொடங்கி, ஸஹர் நேரத்துக்குள் இறக்குகிறார்கள். அந்த மாதத்தின் கடைசிப் பத்து நாட்களுக்கான கட்டளைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் நம் பக்கத்திலிருந்து வாங்க வருபவர்கள் கூடி வருவதாகச் சொன்னார். கையால் எழுதிய பற்றுச்சீட்டுத் தருகிறார்கள், கேட்டால்.

குறைகள் இரண்டு. முதல் தடவை வாங்கிய ஒரு கிலோவை வீட்டுத் தராசில் வைத்தபோது 960 கிராம்தான் இருந்தது. பெட்டியையும் சேர்த்து நிறுத்திருக்கிறார்கள். அடுத்த முறை போனபோது சொன்னேன். எந்த மறுப்பும் இல்லாமல் என் கண்முன்னே வெறும் பெட்டியை வைத்துத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துத் தந்தார், மூன்றாம் முறை நான் கேட்காமலே அப்படிச் செய்தார். திருந்தாத குறை இரண்டாவது: பெட்டியில் கிண்டிய திகதி இல்லை. சீனியும் கருப்பட்டியும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தொதல் இலகுவில் பழுதாகாது என்பது உண்மை. வெயில் காலத்தில் என் வீட்டில் இரண்டு வாரம் தாண்டி இருந்தது. ஆனால் மாரி காலத்தில் வாங்கியது, காற்றின் ஈரத்தில், ஒன்பதாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது. எந்த நாளில் கிண்டியது என்று தெரிந்திருந்தால் அதற்கு முன்னரே முடித்திருப்போம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புபவர்கள் திகதியைக் கேட்டுத் தாங்களே எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது.

பொதி செய்வதிலும் ஒரு கவனம் வேண்டும். ஒவ்வொரு துண்டையும் மெல்லிய பொலித்தீனில் சுற்றித் தருவதே அவர்களது வழக்கம். பார்க்க அழகு, ஆனால் சூடு முற்றாக ஆறுவதற்குள் சுற்றினால் உள்ளே வியர்த்துவிடுகிறது, பூஞ்சணமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வாட்டிய வாழையிலையில் கட்டித் தரச் சொன்னால் மறுக்காமல் கட்டித் தருகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில்தான் மாப்பொருள் மிக வேகமாக இறுகும். பசையரிசிகூட அங்கே தோற்றுவிடுகிறது. என் மருமகள் தெரியாமல் உள்ளே வைத்த ஒரு பெட்டியை, அடுத்த நாள் இட்டலிச் சட்டி ஆவியில் ஐந்து நிமிடம் வைத்து ஓரளவு மீட்டெடுத்தோம். பாதிக்குப் பாதி வகை அதற்கும் முழுதாக மசியவில்லை.

கருப்பட்டி விடயத்தில் மட்டும் ராத்தாவோடு எனக்கு இன்னும் உடன்பாடில்லை. மலாக்காக் கருப்பட்டி பெரும்பாலும் தென்னம்பாளைச் சாற்றில் காய்ச்சுவது என்பதால், அதற்கு மிக நெருக்கமான நம் ஊர்ப் பொருள் தென்னங்கருப்பட்டிதான் என்பது அவரது வாதம். அது சரியான வாதமும்கூட. ஆனால் அம்பாந்தோட்டைத் தொதலுக்கு ஆழம் தருவது கித்துள் மரத்தின் கருப்பட்டி, அதன் புகை கலந்த மெல்லிய கசப்பு இந்தப் பசையரிசியில் எப்படி உட்காரும் என்று பார்க்க எனக்கு ஆசை. கித்துள் என்று சந்தையில் விற்பதில் எவ்வளவு கித்துள், எவ்வளவு சீனி என்று யாருக்குத் தெரியும் என்கிறார் அவர். நம்பகமான கித்துள் கருப்பட்டி இரண்டு கிலோ நானே கொண்டுவந்து தந்தால், கூலி மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு கிடாரம் கிண்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பதுளையில் ஆசிரியத் தொழில் செய்யும் என் பழைய மாணவி ஒருத்திக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

விலைப் பட்டியலில் இல்லாத ஒரு பொருளும் அந்த வீட்டில் உண்டு. தொதலைத் தட்டுகளில் கொட்டிய பிறகு, எவ்வளவு கவனமாகச் சுரண்டியிருந்தாலும் கிடாரத்தின் அடியில் ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும்; தணல் அணைந்து பாத்திரம் சற்று ஆறியதும் அது தானாகவே விளிம்பை விட்டு எழும்பும். ஒரு பக்கம் மொறுமொறுப்பு, மறு பக்கம் இழுபடும் பசை, நடுவில் கருகலின் ஓரம்வரை போய் நின்றுவிட்ட கருப்பட்டி. அதை அவர்கள் விற்பதில்லை. அன்று பத்து நிமிடமாவது துடுப்புப் பிடித்தவர்களுக்கு மட்டுமே அது. நான் பன்னிரண்டு நிமிடம் பிடித்தேன். அடுத்த இரண்டு நாட்கள் தோளைத் தூக்க முடியவில்லை. காலை பத்து மணிக்கு முன்னர் போனால் துடுப்பு இலகுவாக இருக்கும்.